பின் ஷாக்குக்கு அலுமினியத்துல கடைஞ்ச ஸ்பேசர் நசுங்கிடுச்சு, ஸ்லீவும் லூஸ் ஆகுது, எங்க தப்பு?

பழையவண்டி_ரசிகன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், அளவெல்லாம் சேர்த்து சொன்னாத்தான் உங்களுக்கும் பதில் சொல்ல வசதியா இருக்கும். என்னோட பழைய செடானுக்கு பின் ஷாக் அப்சார்பர் இப்ப வர்றதே இல்ல, தேடிப் பாத்து அலுத்துப்போய் வேற ஒரு காரோட ஷாக் வாங்கினேன், மோனோட்யூப் கேஸ் டைப், நீளமும் ஸ்ட்ரோக்கும் கிட்டத்தட்ட ஒத்துவந்துச்சு, மாட்டற எடத்துல வர்ற வித்தியாசத்தை மட்டும் 6061-டி6 அலுமினியம் ராடு எடுத்து நானே லேத்ல கடைஞ்சு சரிபண்ணேன்.

மொத்தம் மூணு பீஸ். கீழ்க்கண்ணுக்கு, அதாவது ஷாக்கோட கீழ்முனைல போல்ட் போற வளையத்துக்கு, ஸ்பேசர்: புஷ்ஷோட உள்குழாய் அகலம் 32 எம்எம், வண்டி பிராக்கெட் இடைவெளி 48, அதனால ரெண்டு பக்கமும் 8 எம்எம், வெளிவிட்டம் 18, உள்விட்டம் 12.1, போல்ட் 12. அடுத்தது ஸ்பிரிங் கீழ் சீட்டுக்கு ஸ்லீவ்: இந்த வண்டில ஸ்பிரிங் ஷாக்கை சுத்தித்தான் உக்காரும், பழைய சீட்டோட ஓட்டை 51, புது ஷாக் பாடி 46, நடுவுல 2.5 எம்எம் சுவர் வர்ற மாதிரி ஸ்லீவ், அடில 12 எம்எம் உயரத்துக்கு காலர், அதாவது தடிச்ச வளையம், அந்தக் காலர் மேலதான் சீட் நிக்குது. மூணாவது மேல் மவுண்ட்: ராட் முனை எம்10, பிளேட்ல ஓட்டை 16, அதுக்கு தொப்பி மாதிரி ஒரு புஷ்.

மூணு வாரம் அருமையா ஓடுச்சு. அப்புறம் எடது பின்பக்கம் சின்னச் சின்னப் பள்ளத்துல டக் டக்னு சத்தம். கழட்டிப் பாத்தா கீழ்போல்ட் நட்டு கொஞ்சம் தட்டினதுமே சுத்துது, 8.00 இருந்த ஸ்பேசர் மைக்ரோமீட்டர்ல 7.86 காட்டுது, அதோட முகத்துல முத்திரை குத்தின மாதிரி வட்டமா ஒரு பள்ளம். ஸ்லீவ் வேற, வண்டி ஆறியிருக்கும்போது இறுக்கமா இருக்கு, அரைமணி நேரம் மோசமான ரோட்டுல ஓட்டிட்டு வந்து தொட்டா கையாலயே அசையுது. எல்லாத்தையும் இன்னும் பலமான 7075 அலுமினியத்துல மாத்திக் கடைஞ்சா சரியாகுமா, இல்ல அலுமினியமே இந்த எடத்துக்கு ஆகாதா?

கடைசல்காரர்:
தம்பி, அளவெல்லாம் எழுதினது ரொம்ப நல்லதாப் போச்சு. ஸ்பேசரை முதல்ல பாப்போம். 18 வெளிய, 12.1 உள்ள, முகத்தோட பரப்பு சுமார் 140 சதுர எம்எம் தான். 6061-டி6 ஒரு சதுர எம்எம்முக்கு 276 நியூட்டன் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல போனா அமுங்கினது திரும்பி வராது. இப்ப எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும்: போல்ட்டை எவ்வளவு டார்க்ல முறுக்கினீங்க, மரைல எண்ணெய் ஏதாச்சும் போட்டீங்களா?

பழையவண்டி_ரசிகன்:
80 நியூட்டன் மீட்டர் அண்ணா, டார்க் ரெஞ்ச் வெச்சுத்தான் முறுக்கினேன். துரு பிடிக்கக் கூடாதுன்னு மரை பூரா எஞ்சின் ஆயில் தடவினேன்.

கடைசல்காரர்:
அங்கதான் விஷயம் இருக்கு. மரை காய்ஞ்சு இருந்தா 80க்கு அந்த 12 எம்எம் போல்ட்ல விழற இழுவை சுமார் 33,000 நியூட்டன். எண்ணெய் போட்டா உராய்வு கொறையுது, அதே 80க்கு 44,000 பக்கம் போயிடும். ரெஞ்ச் காட்டற நம்பர் ஒண்ணுதான், ஆனா போல்ட் இழுக்கற இழுப்பு வேற. 33,000ஐ 140ஆல வகுத்தா 236, தப்பிச்சிருக்கும், ஆனா ஓரத்துலதான் நிக்குது. 44,000ஐ வகுத்தா 314, தாண்டிடுச்சு. ஸ்பேசர் அமுங்கின அடுத்த நிமிஷமே போல்ட் இழுவை விட்டுப்போயிடும், கண்ணு பிராக்கெட்டுக்குள்ள ஆட ஆரம்பிக்கும், ஆட ஆட ஸ்பேசர் இன்னும் அடிவாங்கும், நீங்க கேட்ட டக் டக் அதுதான். வெளிவிட்டத்தை 22 ஆக்குங்க, பரப்பு 265 ஆயிடும், எண்ணெய் போட்ட மரையிலயும் 166 தான் வரும், 6061லயே நிம்மதியா நிக்கும்.

நாலுசக்கரம்:
அண்ணன் போட்ட கணக்கு சரி, ஆனா ஒரு எடத்துல நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்பேசரை 22 ஆக்கினாலும் அதோட ஒரு முகம் உக்கார்றது புஷ்ஷோட உள்குழாய் மேல. அந்தக் குழாய் வெளிவிட்டமே 18 சுமார்தான் இருக்கும், அது ஸ்டீலு. அப்ப அந்தப் பக்கம் தொடற பரப்பு பழைய 140 தானே, 22 ஆக்கினதால அங்க என்ன மாறுச்சு? அந்த வட்டமான பள்ளம் விழுந்தது எந்த முகத்துலன்னு பாருங்க ரசிகன், உள்குழாய் பக்கமாத்தான் இருக்கும். ஸ்டீல் குழாய் விளிம்பு அலுமினியத்துக்குள்ள எறங்குது. அந்த ஸ்பேசர் ரெண்டையும் ஸ்டீல்ல கடைஞ்சுடுங்க. 22 விட்டம் 8 தடிமன்னா ஸ்டீல்ல 17 கிராம், அலுமினியத்துல 6 கிராம், ஒரு ஸ்பேசருக்கு 11 கிராம் மிச்சம் பிடிச்சு என்ன ஆகப்போகுது. 7075 பத்தி கேட்டீங்க, அது 500 வரைக்கும் தாங்கும், உண்மைதான், ஆனா கீழ்க்கண்ணு எந்நேரமும் தண்ணியும் சேறும் படற எடம், அந்த மாதிரி எடத்துல அரிப்புக்கு 6061 அளவுக்கு 7075 ஈடுகொடுக்காது.

ஆனா எனக்கு ஸ்பேசரை விட ஸ்லீவைப் பாத்தாத்தான் வயித்தைக் கலக்குது. ஸ்பிரிங் ஷாக்கை சுத்தி இருக்குன்னு சொல்றீங்க, அப்ப அந்த மூலையோட மொத்த எடையும் ஸ்பிரிங் வழியா சீட்டுக்கு, சீட்டுலேர்ந்து உங்க காலருக்கு, காலர்லேர்ந்து ஷாக் பாடிக்குப் போகுது. ஸ்பிரிங் தனியா ஷாக் தனியா இருக்கற வண்டின்னா ஷாக்கோட பிராக்கெட் டேம்பிங் விசையை மட்டும் தாங்கினாப் போதும், இங்க அப்படி இல்ல. காலர் பாடில எதைப் பிடிச்சு நிக்குது? கீழ எறங்காம எது தடுக்குது?

பழையவண்டி_ரசிகன்:
நீங்க சொன்ன மாதிரியே பள்ளம் உள்குழாய் பக்கம்தான் இருக்கு. காலர்ல 120 டிகிரிக்கு ஒண்ணா மூணு எம்6 கிரப் ஸ்க்ரூ (தலை இல்லாத ஸ்க்ரூ) போட்டு ஷாக் பாடில இறுக்கியிருக்கேன். ஷாக் பாடில கம்பெனிலயே வெட்டின ஒரு சர்க்ளிப் காடி (வளையக் கிளிப் உக்கார்ற பள்ளம்) இருக்கு, ஆனா எனக்கு சீட் வேணும்ங்கற எடத்துக்கு 40 எம்எம் கீழ இருக்கு, அதனால அதை விட்டுட்டேன்.

நாலுசக்கரம்:
தயவுசெஞ்சு வண்டியை எடுக்காதீங்க. சத்தியமா சொல்றேன், இன்னைக்கே நிறுத்திடுங்க.

மூணு ஸ்க்ரூ முனை பிடிக்கற பிடில ஒரு மூலை பூரா தொங்குது. 300 கிலோ மூலைன்னு வெச்சுக்கோங்க, பெரிய பள்ளத்துல எறங்கினா மூணு மடங்கு, 900. அதோட ஷாக்கை சக்கரத்தைத் தாங்கற ஆர்ம்ல சக்கரத்துக்கு உள்ள தள்ளி மாட்டியிருந்தா நெம்புகோல் கணக்குல இன்னும் ஏறும், சக்கரம் 10 எம்எம் ஏறும்போது ஷாக் 7 தான் நகருதுன்னா அந்த 900 ஷாக்குல 1285 ஆயிடும். வழுக்கிடுச்சுன்னா சீட் சாய்ஞ்சு ஸ்பிரிங் போய் டயரை உரசும். இது ஒரு ஆபத்து.

இன்னொண்ணு, மோனோட்யூப்ல பிஸ்டன் நேரா அந்த வெளிக்குழாயோட உள்சுவர்லதான் ஓடுது, ட்வின்ட்யூப் மாதிரி உள்ள இன்னொரு குழாய் கெடையாது. வெளிய ஸ்க்ரூ முனை ஒரு சின்ன பள்ளம் போட்டாலும் உள்ள மேடு எழும்பும், பிஸ்டன் பேண்டு அதுல தேய்ஞ்சு கிழிஞ்சு போகும். ஷாக்கைக் கழட்டி ராடை மெதுவா முழு நீளத்துக்கும் அமுக்கிப் பாருங்க, எங்கயாவது தட்டினா அந்த ஷாக் போச்சு. வெல்டிங் பண்ணி வளையம் வெக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்கவே கேக்காதீங்க, உள்ள 20 பாருக்கு மேல கேஸ், கூடவே எண்ணெய், சூடு காட்டினா வெடிக்கும்.

கடைசல்காரர்:
நாலுசக்கரம் சொன்னது அத்தனையும் சரி, ஸ்பேசர் விஷயத்துல நான் உள்குழாயை யோசிக்காம விட்டுட்டேன், ஸ்டீல்லயே போடுங்க தம்பி. ஸ்லீவுக்கு வழி உங்க கையிலயே இருக்கு, அந்த சர்க்ளிப் காடிதான். 40 எம்எம் கீழ இருந்தா ஸ்லீவை 40 எம்எம் நீளமாக் கடையுங்க, அவ்வளவுதான். கிளிப் மேல ஸ்லீவ் அடி உக்காரணும், எடை நேரா கிளிப் வழியா காடிக்குப் போகணும், ஸ்க்ரூ ஒண்ணு கூட வேணாம். காலரை கிளிப் வரைக்கும் கீழ எறக்கிடுங்க, அடில சுவர் தடிமனா இருக்கும். கிளிப் பாடிக்கு வெளிய ஒண்ணரை எம்எம் நீட்டிட்டு இருந்தாக்கூட தொடற பரப்பு 220 சதுர எம்எம்முக்கு மேல வரும், அந்த 1285 கிலோவுக்கும் சதுர எம்எம்முக்கு 60 நியூட்டன் கூட வராது. இந்த எடத்துல அலுமினியம் தாராளமாத் தாங்கும்.

ஒரே ஒரு வேலை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்லீவ் அடில உள்பக்கம் ஒரு படி வெட்டணும், கிளிப் அந்தப் படிக்குள்ள முழுசா ஒளிஞ்சுக்கணும். அப்பத்தான் எடை விழும்போது கிளிப் விரிஞ்சு காடியை விட்டு வெளிய வராது, படியோட சுவர் அதைச் சுத்தி அணைச்சுப் பிடிச்சுக்கும்.

சூடானா லூஸ் ஆகறது ஸ்லீவோட குத்தம் இல்ல, அலுமினியத்தோட குணம். ஸ்டீலை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். 46 விட்டத்துக்கு 50 டிகிரி ஏறினா ஸ்லீவ் ஓட்டை பாடியை விட 0.027 எம்எம் பெருசாகும். எடை கிளிப்ல உக்காந்துட்டா இந்த லூஸ் ஒண்ணும் பண்ணாது. இறுக்கமா இருக்கணும்னு ஓட்டையை சின்னதாக் கடைஞ்சு அடிச்சு எறக்காதீங்க, பாடி குழாய் நசுங்கும். கையால தள்ளினா எறங்கற மாதிரி 0.03லேர்ந்து 0.05 வரைக்கும் விட்டு, மேல பக்கம் உள்ள ஒரு ஓ-ரிங் காடி வெட்டி ரிங் போட்டுடுங்க, ஆட்டமும் இருக்காது, மண்ணும் எறங்காது.

கடையும்போது: ரெண்டரை எம்எம் சுவர் ரொம்ப மெல்லிசு, மூணு ஜா சக்குல இறுக்கிப் பிடிச்சு ஓட்டையை முடிச்சீங்கன்னா சக்குல இருக்கும்போது வட்டமா அளக்கும், கழட்டின உடனே மூணு மூலையா திரும்பும். அதனால முதல்ல தடிச்ச ராடுலயே ஓட்டை, அடிப்படி, ஓ-ரிங் காடி எல்லாத்தையும் ஒரே பிடில முடிச்சுடுங்க, வெளிப்பக்கத்தை மேண்ட்ரல்ல (ஓட்டைக்குள்ள போய் பீஸைத் தாங்கற தண்டு) ஏத்திக் கடைசியா கடையுங்க. வெட்டற முனை, அதாவது இன்சர்ட், அலுமினியத்துக்குன்னு வர்ற பாலிஷ் பண்ண கூர்மையான டைப் போடுங்க, ஸ்டீல் கடையற இன்சர்ட் போட்டா அலுமினியம் முனைல ஒட்டிக்கிட்டு பரப்பைப் பிச்சுப் பிச்சு எடுக்கும். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டா விட்டா முகம் கண்ணாடி மாதிரி வரும். சூடா இருக்கும்போது அளக்காதீங்க, கை வெச்சுப் பாத்து ஜில்லுனு ஆனதும்தான் கடைசி வெட்டு. காலரும் ஸ்லீவும் சேர்ற மூலை கூர்மையா இருக்கவே கூடாது, ஒரு எம்எம் ரேடியஸ் குடுங்க, சீட்டோட ஓட்டை விளிம்பை அதுக்கேத்த மாதிரி சாய்ச்சு விடுங்க. ஸ்டீல்னா ஒரு அளவுக்குக் கீழ எத்தனை தடவை அடிச்சாலும் களைக்காது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையே கெடையாது, விரிசல் ஆரம்பிக்கற எடமே அந்தக் கூர் மூலைதான்.

கோலிகுண்டு:
மேல் மவுண்ட் பத்தி யாரும் பேசலையே, நான் சொல்றேன். எம்10 முனையை அலுமினியம் புஷ் வெச்சு பிளேட்டோட கல்லு மாதிரி பூட்டினா சக்கரம் ஏறி எறங்கும்போது ஷாக் சாயற சாய்வு எங்க போகும்? ராடுதான் வளையணும். ராட் முனை மரை பக்கத்துல விரிசல் விட்டு ஒடிஞ்சதை என் கண்ணால பாத்திருக்கேன், அதுக்கு முன்னாடியே சீல் ஒருபக்கமாத் தேய்ஞ்சு எண்ணெய் வடிய ஆரம்பிச்சுடும். மேலயும் கீழயும் ரப்பர் புஷ் இருக்கணும், உங்க தொப்பி புஷ்ஷை எடுத்துட்டு நடுவுல ஒரு ஸ்டீல் குழாய் போடுங்க, நட்டு அந்தக் குழாய் மேல போய் நிக்கற வரைக்கும் முறுக்கினா ரப்பர் தேவையான அளவு மட்டும் அமுங்கும், பிளேட் ஓட்டைல குழாய் தொடாம சுத்தி எடம் இருக்கணும்.

எல்லாம் மாட்டறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் இல்லாம ஷாக்கை மட்டும் மாட்டி ஆர்மை ஜாக் வெச்சு மேல தூக்கிப் பாருங்க. ஷாக் உள்ள முட்டறதுக்கு முன்னாடி பம்ப் ஸ்டாப், அதாவது ஆர்ம் மேல ஏறறதைத் தடுக்கற ரப்பர் கட்டை, முட்டணும். வேற வண்டி ஷாக்குல இதைப் பாக்காம விட்டா முதல் பெரிய பள்ளத்துலயே உள்ள இருக்கற வால்வு காலி.

பழையவண்டி_ரசிகன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே ரெண்டு ஷாக்கையும் எறக்கிட்டேன். வலது பக்கம் ராட் சுத்தமாப் போய்ட்டு வருது, எடது பக்கம் நடுவுல ஒரு எடத்துல நறுக்குனு தட்டுது, வெளிய பாத்தா ஸ்க்ரூ முனை நின்ன எடத்துல மூணு பொட்டு, ஒண்ணு நகத்தால தடவினாலே தெரியற ஆழம். வலதுலயும் பொட்டு இருக்கு, அதனால ரெண்டையும் ஜோடியா மாத்திடறேன்னு முடிவு பண்ணிட்டேன், ஆனாலும் மனசு ஆறல, பின் சீட்டுல என் பொண்ணை உக்கார வெச்சு ஓட்டியிருக்கேன் இந்த மூணு வாரமும்.

ஸ்பேசர் ஸ்டீல்ல கடைஞ்சாச்சு. ஸ்லீவ் படிக்கு மட்டும் ஒரு சந்தேகம், கிளிப் 3 எம்எம் வட்டக் கம்பி, படி எவ்வளவு ஆழம், எவ்வளவு விட்டம் வெக்கட்டும்?

கடைசல்காரர்:
பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல, கடவுள் புண்ணியம், நேரத்துல கழட்டிட்டீங்க. புது ஷாக் காடில கிளிப்பை மாட்டி, மாட்டின நிலையில அதோட வெளிவிட்டத்தை வெர்னியர்ல நாலு எடத்துல அளங்க, அதுல பெரிய அளவோட 0.2 கூட்டினா படியோட விட்டம். ஆழம் மூணரை வெச்சா கம்பி முழுசா உள்ள போயிடும். படி மூலைக்கு சின்ன ரேடியஸ், பிசிறு சுத்தமா எடுத்துடுங்க. மாட்டினதும் 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு கீழ்போல்ட் டார்க்கை ஒரு தடவை பாத்துடுங்க, இந்தத் தடவை மரை காய்ஞ்சே இருக்கட்டும்.