லண்டன் டிக்கெட்டில் கணக்கு உதைக்கிறது, அவசரம்

ஏற்காடு_மிளகு:
அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்புகிறோம். டிக்கெட்டில் காலை 5.30க்குக் கிளம்பி 11 மணிக்கு லண்டன் என்று போட்டிருக்கிறது. ஐந்தரை மணி நேரம்தானா? திரும்பும்போது மதியம் 1.30க்கு ஏறினால் மறுநாள் விடியற்காலை 4 மணி. அது பதினாலரை! ஏஜென்டைக் கேட்டால் "எல்லாம் சரிதான் சார்" என்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள், மலையில் சிக்னல் வந்து வந்து போகிறது.

ஐந்துரோடு:
எந்த ஊரிலிருந்து? நேர் விமானமா, துபாயில் மாறுவதா?

கன்னங்குறிச்சி_வாத்தியார்:
தம்பி, இது எட்டாம் வகுப்புப் பாடம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 20இல் பாதி 10 மணி நேரம். முடிந்தது.

அஸ்தம்பட்டி_ரவுண்டானா:
பூமி கிழக்கே சுற்றுகிறது இல்லையா, லண்டன் நம்மைப் பார்த்து வருகிறது. அதனால்தான் போகும்போது சீக்கிரம்.

ஓமலூர்_பைபாஸ்:
அப்படியென்றால் ஹெலிகாப்டரில் ஏறி அந்தரத்தில் நின்றாலே போதுமே, லண்டன் காலடிக்கு வந்துவிடும். காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. உண்மையில் போகும்போதுதான் நேரம் அதிகம். 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று அடிக்கும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. போகையில் எதிர்க்காற்று, வருகையில் அதுவே பின்னாலிருந்து தள்ளும். சென்னை என்றால் சுமார் 8,200 கி.மீ. எந்த மாதம்?

ஏற்காடு_மிளகு:
சென்னைதான், நேர் விமானம். பிப்ரவரியில் போய் ஏப்ரலில் வருகிறார். மாதம் எதற்கு?

ஓமலூர்_பைபாஸ்:
விஷயமே அதில்தான். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். பிப்ரவரியில் நமக்கு ஐந்தரை மணி பின்னால், ஏப்ரலில் நாலரைதான். போவது ஐந்தரையும் ஐந்தரையும் 11. வருவது பதினாலரையில் நாலரை போக 10. வாத்தியாரின் பாதிக் கணக்கு, இடையில் கடிகாரம் மாறாவிட்டால்தான் செல்லும்.

கன்னங்குறிச்சி_வாத்தியார்:
நான் பொது விதியைச் சொன்னேன். அரை மணியில் என்ன குடி முழுகிவிடும்?

ஐந்துரோடு:
அது கிடக்கட்டும். சேலத்துக்காரர் ஏன் 340 கி.மீ. தாண்டி சென்னைக்குப் போகிறார்? பெங்களூரு 200தானே?

தாரமங்கலம்_தறி:
ஏர்போர்ட் ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தாலே போச்சு. அதைத் தாண்டினால் பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பு டிராபிக்.

ஐந்துரோடு:
ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழி மட்டும் என்ன வாழ்கிறதாம்?

அஸ்தம்பட்டி_ரவுண்டானா:
ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் போகலாமே.

ஓமலூர்_பைபாஸ்:
அது சென்ட்ரல் சேர்வதே விடியற்காலையில். 5.30 விமானத்துக்கு இரண்டரைக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். முந்தின நாள் பகலிலேயே கிளம்பச் சொல்லுங்கள்.

ஏற்காடு_மிளகு:
அக்காவும் 11 மணி நேரம்தான் என்றாள். டிக்கெட் சரி. முந்தின நாளைக்கே கார் சொல்லிவிட்டேன். நன்றி.

ஐந்துரோடு:
எந்த வழியாக?