பற்றெழுதா நீர்

காரைக்குடியிலிருந்து:

நண்பர்களே, ஊருக்குள் விட்டும் வருவாய் தராத நீரை ஆங்கிலத்தில் ‘நான்-ரெவின்யூ வாட்டர்’ (non-revenue water) என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை வந்த இரண்டு சொற்களும் எனக்கு ஒப்பவில்லை. ‘கணக்கில் வராத நீர்’ முன்பு ஆங்கிலத்தில் வழங்கிய வேறொரு சொல்லின் பெயர்ப்பு. பன்னாட்டு நீர்ச் சங்கம் 2000இல் வகுத்த நீர்க்கணக்கு அட்டவணை அதைக் கைவிட்டுவிட்டது. கசிவும் களவும்கூடக் கணக்குக்குள் வந்தாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ‘அளக்கா நீர்’ இன்னும் மோசம். மீட்டர் இல்லாத வீடும் மாதக் கட்டணம் கட்டினால் அது வருவாய் நீர்தான்.

எங்கள் தெருமுனை வால்வுத் தொட்டியில் ஒழுக்கு இருக்கிறது. இரவில் யாரோ ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள்; விடிவதற்குள் நிரம்பி, அடுத்த வீட்டுக் குடம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நீரைக் குடித்தாயிற்று, யார் பெயரிலும் எழுதவில்லை. பரணில் கிடக்கும் எங்கள் ஐயாவின் பேரேட்டில் இது நடக்காது. பெட்டியை விட்டு ஓரணா போனாலும் ஒரு பெயரில் பற்று, அதாவது கொடுத்த கணக்கு, எழுதியிருக்கும். ஆகவே ‘பற்றெழுதா நீர்’ என்கிறேன். ஒழுகியது, திருடியது, மீட்டர் குறைத்துக் காட்டியது, தெருக்குழாயில் விலையின்றி விட்டது எல்லாம் இதில் அடங்கும். சம்பை ஊற்றில் இறைத்து ஊருக்குள் விட்ட நீரை இப்படிப் பிரித்துக் காட்டும் அட்டவணைக்கு, பேரேட்டின் இருப்புநிலைக் கணக்கான ஐந்தொகையை ஒட்டி, ‘நீர் ஐந்தொகை’ என்று பெயர் வைக்கலாம்.

தேவகோட்டையிலிருந்து:

ஐயா, ஐந்தொகையை இன்றே எடுத்துக்கொள்ளலாம். ‘பற்றெழுதா’தான் நாக்கில் இடறுகிறது. பற்று என்றால் இளம் பொறியாளர் பாசம் என்று நினைப்பார். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று: தெருக்குழாயையும் திருட்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், வருவாய் தராத நீருக்கு ஒன்றிய அரசு சொல்லும் 20 விழுக்காடு என்ற அளவுக்கு இறங்க, திட்டம் போடுபவர் முதலில் தெருக்குழாயைத்தான் பிடுங்குவார். நிலத்துக்கடியில் ஒழுக்கைத் தேடுவதைவிட அது சுலபம்.

காரைக்குடியிலிருந்து:

வங்கிக் கணக்கில் பற்றும் வரவும் இன்னும் இருக்கின்றன, பொறியாளர் பழகிக்கொள்வார். தெருக்குழாய் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஆனால் அந்தக் குறை மூலச் சொல்லிலேயே இருக்கிறது. உட்பிரிவுக்குத் தனிப்பெயர் வைத்துவிடுவோம். கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கியதை நம்மவர்கள் மகமை என்று வெளிப்படையாக எழுதினார்கள். தெரிந்தே இலவசமாகக் கொடுப்பது ‘மகமை நீர்’. அதில் யாரும் கை வைக்க முடியாது. குழாய் கழுவ விடும் நீரும் இதே உட்பிரிவில்தான் வருகிறது. அதையும் மகமை என்பது எனக்கே இடிக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?