குடுவையில் செழிக்கும் நாஸ்டாக் மண்ணில் ஊற்றினால் வெளுத்துப் போகிறது, ஏன்?

மணல்மேடு கேட்டது:
வணக்கம் நண்பர்களே. மழை நின்றதும் வெறுந்தரையில் கரும்பச்சையாகக் கொழகொழவென்று உப்பிக் கிடக்குமே, வெயில் ஏறினால் கறுத்த சருகாகிவிடுமே, அந்த நாஸ்டாக் கம்யூன் என்ற நீலப்பச்சைப்பாசியை வளர்த்துவருகிறேன். செடி பிடிக்காத ஒரு மணல் சரிவை மூட வேண்டும். பிஜி-11 என்ற பாசி வளர்ப்புக் கரைசலில் காற்று செலுத்தி, எப்போதும் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். குடுவையில் நல்ல பச்சை. ஆனால் தடித்த ஏடு வரவில்லை, வெறும் இழைக் கலங்கல்தான். மண்ணில் ஊற்றினால் சில நாள் வெயிலிலேயே வெளுத்து உதிர்கிறது. வறட்சி தாங்கும் இனமாயிற்றே? உரம் போதவில்லையா?

பச்சைவிரல்:
மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். சரிவின்மேல் நிழல்வலை கட்டலாம். மாலையில் லேசாகத் தெளித்தால் ஈரம் இரவு முழுக்க நிற்கும்.

ஏடும்மண்ணும்:
மணல்மேடு சார், உரம் குறையவில்லை. உங்கள் பாசி காய்ந்து பழகியதுதான் போதவில்லை.

1941-இல் லிப்மன் என்ற ஆய்வாளர், 87 ஆண்டுகள் உலர்தாவரத் தொகுப்பில் கிடந்த நாஸ்டாக் கம்யூனை நனைத்து உயிர்ப்பித்துக் காட்டினார். அத்தனை காலம் தாங்கியது வெளியில் வெயிலும் மழையும் பட்டு விளைந்த ஏடு. இழையைச் சுற்றியுள்ள அந்தக் கொழகொழப்பு, வெளியே சுரக்கும் கூட்டுச்சர்க்கரை. காயும்போது செல்லைக் காப்பது அதுதான். அதிலேயே ஸ்கைடோனெமின் என்ற பழுப்பு நிறமியும் சேர்ந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. விளக்கொளியில், வற்றாத தண்ணீரில் இருக்கும் பாசிக்கு இவற்றைச் செய்துகொள்ள என்ன அவசியம்? பழகாத வெயிலில் அதைக் கொண்டுபோய் ஊற்றினால் வெளுக்கத்தான் செய்யும்.

எனக்குக் கைகொடுத்த முறையைச் சொல்கிறேன். முதலில் நைட்ரேட்டை நிறுத்துங்கள். பிஜி-11இல் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் இருக்கிறது. அது கிடைக்கும்வரை, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கும் ஹெட்டிரோசிஸ்ட் செல்களைப் பாசி உருவாக்காது. அதை நீக்கினால் இன்னொரு லாபம்: நைட்ரேட்டை நம்பி வாழும் சாதாரணப் பச்சைப்பாசிகள் கூட்டத்தில் புகுந்து மேலோங்க முடியாது.

பிறகு குடுவையை விட்டுத் தட்டுக்கு வாருங்கள். கழுவிய மணலைப் பரப்பி, கலங்கலை மெல்லிய படலமாக ஊற்றுங்கள். நன்றாக நனையட்டும், பிறகு சருகாகும்வரை காயட்டும், மறுபடி நனையட்டும். ஆரம்பத்தில் நிழலில், போகப்போக வெயிலில். இளம்பச்சை மாறிப் பழுப்பும் கறுப்புமாக ஏறும். அந்த நிறம் வராமல் சரிவுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பச்சைவிரல், மாலைத் தெளிப்பை மட்டும் நான் ஏற்கவில்லை. நனைந்ததும் முதலில் விழிப்பது சுவாசம். ஒளிச்சேர்க்கை அதற்குப் பின்னால்தான் வருகிறது, தழைச்சத்துப் பிடிப்பதோ இன்னும் தாமதம், நாள்கணக்கில் ஆகும். இருட்டில் நனைத்தால் இரவெல்லாம் சேமிப்பைக் கரைத்துச் சுவாசித்துக்கொண்டிருக்கும். உச்சிவெயிலில் லேசாகத் தெளிப்பது அதைவிடக் கெடுதல்: சம்பாதிக்கத் தொடங்குமுன்பே காய்ந்துவிடும், செலவு மட்டும் மிஞ்சும். விடியற்காலையில் ஆழமாக நனையுங்கள், வெளிச்சத்தில் சில மணிநேரமாவது ஈரம் நிற்கட்டும். காய்ந்த பாசி பெருஞ்சூட்டையும் பொறுக்கும், ஈரமாக இருக்கும்போது அதே சூடு கொன்றுவிடும்.

மணல்மேடு:
இப்போதுதான் விளங்குகிறது, மிக்க நன்றி. நிறம் ஏறியதும் ஈரமாகவே ஊற்றலாமா? மணல் இன்னும் நகர்கிறது.

ஏடும்மண்ணும்:
காயவைத்து நொறுக்கி, சருகாகத் தூவுங்கள். அப்படியே சேமித்தும் வைக்கலாம்.

நகரும் மணலில் நாஸ்டாக்கை மட்டும் நம்ப வேண்டாம். மணலைக் கட்டுவதில் கெட்டிக்காரன் மைக்ரோகோலியஸ் வஜினேட்டஸ் என்ற இன்னொரு நீலப்பச்சைப்பாசி. ஒரே உறைக்குள் பல இழைகள் கயிறுபோலத் திரண்டு மணிமணியான மணலைப் பிணைக்கும். ஈரம் பட்டால் மேலே ஊர்ந்து வரும், காயும்போது மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும். தழைச்சத்தை அது பிடிக்காது, அங்கேதான் நாஸ்டாக் வேண்டும். சீனாவின் குபுச்சி பாலைவனத்தில் மைக்ரோகோலியஸையும் ஸ்கைடோனீமா என்ற வேறொரு நீலப்பச்சைப்பாசியையும் சேர்த்து வளர்த்துத்தான் மணலில் தெளித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, அதே சீனாவின் ஷாபோதோவில் ரயில் பாதையை மணல் மூடாமலிருக்க ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாக வைக்கோலை ஊன்றினார்கள். மணல் அசையாமல் நின்றபின் கட்டங்களுக்குள் பாசி ஏடு படிந்தது. உங்கள் சரிவுக்கும் அந்த வைக்கோல் கட்டம்தான் முதல் வேலை.

தாய்ப்பாசியை அருகில் மண்மேல் படிந்துள்ள பாசி ஏட்டிலிருந்தே எடுங்கள், ஒரு கைப்பிடி போதும். சுரண்டித் தள்ளிவிடாதீர்கள், தயவுசெய்து. நாஸ்டாக் ஃபிளாஜெல்லிஃபார்மி என்ற இன்னொரு இனத்தை உணவுக்காக வாரி வாரிப் புல்வெளிகள் பாழானதால்தான் சீனா 2000-இல் அதைச் சேகரிப்பதற்கே தடை போட்டது.

பச்சைவிரல்:
மாலைத் தெளிப்பு பற்றி ஏற்றுக்கொள்கிறேன். மாடு மேய்ந்தால் ஆபத்து உண்டா?

ஏடும்மண்ணும்:
சில நாஸ்டாக் வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சை உண்டாக்கும். எந்த வகை என்று சோதிக்காமல் மனிதருக்கும் வேண்டாம், கால்நடைக்கும் வேண்டாம். மேய்ச்சலைவிட மிதிதான் எனக்குக் கவலை. காய்ந்த ஏடு குளம்படியில் நொறுங்கிவிடும், திரும்பக் கூடுவதற்கு ஆண்டுகள் பிடிக்கலாம். தூவுவதற்கு முன்பே வேலி போட்டுவிடுங்கள்.