பழைய பென் டிரைவ்களை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

தண்டையார்பேட்டைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டைச் சுத்தம் செய்தபோது 2 ஜிபி முதல் 32 ஜிபி வரை பலவகைப் பென் டிரைவ்கள் கிடைத்தன. பாடல்களும் படங்களும் கைப்பேசிக்கே வந்துவிடும் இக்காலத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ளவற்றைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு தேநீர் குடித்து முடித்துவிடலாம். மேலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் பலருடைய சான்றிதழ்கள் வெள்ளத்தில் நனைந்து வீணானதைப் பார்த்த அப்பா, எல்லா ஆவணங்களையும் ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவில் போட்டுப் பத்திரப்படுத்திவிடலாம் என்கிறார். இது சரியான யோசனைதானா? கோப்புகளைச் சுமந்து செல்வதைத் தவிர இவற்றால் வேறு என்னென்ன செய்ய முடியும்?

வியாசர்பாடி லினக்ஸ்காரன்

முதலில் அந்த மடிக்கணினியைக் கவனியுங்கள். உங்களிடம் உள்ள பென் டிரைவ்களுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. ஒரு பென் டிரைவில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸை ஏற்றி, கணினியை அதிலிருந்தே தொடங்கச் செய்யலாம்; உள்ளே இருக்கும் விண்டோஸையோ உங்கள் கோப்புகளையோ தொட வேண்டியதில்லை. பிடித்திருந்தால் பிறகு நிரந்தரமாக நிறுவிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிட்டால் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது; விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ்தான் நடைமுறையில் எஞ்சியிருக்கும் வழி.

ரேம் (தற்காலிக நினைவகம்) 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் அதற்குத் தாராளம். ரேம் 2 ஜிபிதான் என்றால் பப்பி லினக்ஸை முயன்று பாருங்கள். அது சில நூறு எம்பி அளவே கொண்டது. தொடங்கும்போதே முழுவதுமாக ரேமில் ஏறிக்கொள்வதால், பென் டிரைவின் வேகக் குறைவு அதன்பின் தெரியாது. நீங்கள் செய்த வேலையையும் அமைப்புகளையும் அதே பென் டிரைவில் சேமித்துக்கொள்ளவும் அது வழி தருகிறது.

32 ஜிபி பென் டிரைவில் வென்டாய் என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவும்போது அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் முன்பே நகல் எடுத்துவிடுங்கள். அதன்பிறகு இயங்குதளங்களின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்துப் போட்டால் போதும். கணினியைத் தொடங்கும்போது எதை ஏற்றுவது என்று அதுவே பட்டியலிட்டுக் கேட்கும். கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற தேர்வு வரும். எந்த விசை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உறவினர் வீட்டுக் கணினியில் விண்டோஸ் திறக்க மறுத்தால், பார்மட் செய்வதற்கு முன் அவர்களுடைய புகைப்படங்களை மீட்டெடுக்கவும் இதே பென் டிரைவ் உதவும். வன்வட்டு விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அதன் மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும்.

ராயபுரம் ஒலிபெருக்கி

எங்கள் பக்கத்தில் பென் டிரைவின் முதன்மையான வாடிக்கையாளர் அம்மன் கோயில்தான். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் நாளன்று விடியற்காலையிலிருந்து ஒலிக்கும் பாடல்களெல்லாம் ஆம்ப்ளிஃபயரில் செருகிய பென் டிரைவிலிருந்துதான் வருகின்றன. கைப்பேசியை இணைத்தால் நடுவில் அழைப்பு வந்து அதுவும் ஊருக்கே கேட்கும் என்பதால், இந்த வேலைக்கு இதுவே சிறந்தது. வண்டியில் உள்ள பாட்டுப்பெட்டிக்கும் இது பொருந்தும்.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளையார் பாட்டு முதலில் வர வேண்டும் என்று கோப்புகளுக்கு எண்ணிட்டுப் பெயர் வைத்தும் வரிசை மாறி ஒலிப்பதாகக் குறைப்படுவார்கள். விலை குறைந்த கருவிகள் பல, பெயரைப் பார்ப்பதில்லை; எந்த வரிசையில் பென் டிரைவில் பதியப்பட்டதோ அந்த வரிசையிலேயே பாடுகின்றன. எனவே முழுவதையும் அழித்துவிட்டு, விரும்பிய வரிசையில் மீண்டும் நகலெடுக்க வேண்டும். லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற சிறிய கருவி இந்த வரிசையை நேரடியாகவே திருத்திவிடும்.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஃபேட்32 என்னும் கோப்பு அடுக்கும் முறையில் பார்மட் செய்ததையே படிக்கும். அம்முறையில் ஒரு தனிக்கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. தொலைக்காட்சியில் பார்க்க வைத்திருக்கும் பெரிய திருமண வீடியோ நகலாகாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். தொலைக்காட்சி ஏற்குமானால் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 16 ஜிபி ஒன்றை நூலகமாக்கலாம். 1998இல் தொடங்கிய, தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாக வெளியிடும் மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்களை இறக்கி வையுங்கள். கிவிக்ஸ் செயலியைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவையே இணையமின்றிப் படிக்கலாம். படங்களுடன் கூடிய முழு ஆங்கிலப் பதிப்பு நூறு ஜிபிக்கும் மேல் இருக்கும் என்பதால் அந்த ஆசை மட்டும் வேண்டாம்.

திருவொற்றியூர் கடற்கரைச்சாலை

மற்றவர்கள் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உங்கள் தந்தையாரின் யோசனையை அப்படியே ஏற்க வேண்டாம் என்று வலியுறுத்துவேன். பென் டிரைவ் கொண்டு செல்வதற்கான கருவி; பாதுகாத்து வைப்பதற்கானது அன்று. அதன் சில்லில் தகவல் நுண்ணிய மின்னூட்டமாகவே தேங்கியிருக்கிறது. மின்சாரம் இன்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது சிறிது சிறிதாகக் கசியும், வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். போதாக்குறைக்கு நம் பக்கத்து உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கிறது. கட்டுப்படுத்தும் சில்லு பழுதானால் எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல் மொத்தமும் ஒரே நாளில் போய்விடும்.

ஆகவே பென் டிரைவில் வைப்பது இரண்டாவது அல்லது மூன்றாவது நகலாக இருக்கட்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை முதலில் அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் பெற்றுக்கொள்ளுங்கள். வழங்கும் துறையிடமிருந்து நேரடியாக அங்கு வரும் ஆவணம் சட்டப்படி அசலுக்கு நிகரானது. நாமே ஸ்கேன் செய்து ஏற்றுவதற்கு அந்த மதிப்பு கிடையாது. பத்திரம் போன்றவற்றின் ஸ்கேன் நகலைக் கணினியிலும் பென் டிரைவிலும் வைத்து, அந்தப் பென் டிரைவை வேறு பகுதியில் வசிக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தால் ஒரே பீரோவில் இருக்கும் அசலும் நகலும் சேர்ந்தே நனையும் அல்லவா?

வெளியில் கொடுப்பதைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுவது அவசியம். 7-ஸிப் மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்னும் வலுவான குறியாக்க முறையில் பூட்டிய கோப்பாக வைப்பது எளிது. வெராகிரிப்ட் என்னும் பூட்டு மென்பொருள் அதைவிட வசதியானது என்றாலும், பிறருடைய கணினியில் திறக்க நிர்வாகி அனுமதி கேட்கும். இ-ஆதார் கோப்புக்கு ஏற்கெனவே கடவுச்சொல் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அது என்பது ஊரறிந்த செய்தி.

ஜெராக்ஸ் கடைக்கென்று மிகச் சிறிய பென் டிரைவ் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்கு அச்செடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில் இருக்கட்டும். பலரும் செருகும் கணினியிலிருந்து வைரஸ் தொற்றி, கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சொடுக்காமல், திரும்பி வந்ததும் லினக்ஸ் கணினியில் செருகி அழித்துவிட்டால் தொல்லையில்லை.

தண்டையார்பேட்டைவாசி

மூவருக்கும் நன்றி. உறவினர் வீட்டு யோசனையை அப்பா ஏற்றுக்கொண்டார். பெரம்பூரில் அத்தை வீடு மாடியில் இருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. 32 ஜிபி பென் டிரைவ் சாலையோரக் கடையில் வாங்கியது, கணினியில் 29.8 ஜிபிதான் காட்டுகிறது. அது போலியா? 2 ஜிபி பென் டிரைவுக்கு ஏதேனும் வேலை உண்டா?

வியாசர்பாடி லினக்ஸ்காரன்

29.8 காட்டுவது இயல்பு. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024இன் மடங்கில் கணக்கிடுகிறது. ஆனால் போலி பென் டிரைவும் இதே எண்ணைத்தான் காட்டும். உண்மையான கொள்ளளவு நிரம்பியபின் எழுதுவதெல்லாம் காணாமல் போகும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகியவை முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, மீண்டும் படித்துச் சரிபார்த்துச் சொல்லும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கச் செல்லுங்கள். வென்டாயை அதன்பின் போடலாம்.

2 ஜிபியில் மெம்டெஸ்ட்86 ஏற்றினால் மடிக்கணினியின் ரேம் பழுதா என்று சோதிக்கலாம். திடீர் திடீரென்று நின்றுபோகும் கணினிக்கு இதுவே முதல் பரிசோதனை. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் புதுப்பிப்புக்கும் ஃபேட்32 முறையில் அமைந்த சிறிய பென் டிரைவே போதும். பென் டிரைவைக் கொண்டு கணினியை வேகப்படுத்தும் விண்டோஸின் ரெடிபூஸ்ட் வசதியைப் பற்றி யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அதற்குச் செலவிடும் முயற்சியை எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) ஒன்று வாங்கிப் பொருத்துவதில் செலவிடலாம்.