மொழி வகுப்பில் முதல் நாள்: இன்னும் மறக்காத ஒன்று

கொக்குவில் பெட்டை:
ஓ.எல். எடுக்க முன்னமே நாங்கள் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டோம். ஹைஸ்கூலில் வெளிநாட்டு மொழி ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். பிரெஞ்சு நிரம்பிவிட்டது, ஸ்பானிஷில் போட்டார்கள். முதல் நாளே டீச்சர் ஒரு தாள் தந்தார். வகுப்புக்குள் முடிந்தவரை ஸ்பானிஷ், வாய் திறந்து பேசினால் தனிப் புள்ளி, கூகிள் மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதினால் பூச்சியம், கீழே பெற்றோர் கையெழுத்து. அம்மா தமிழில் வைத்தார்.

சொல்ல வந்தது அது இல்லை. டீச்சர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, என்னவென்று ஊகித்துக் காட்டச் சொன்னார். 'மேசா' என்றார், மேசையில் தட்டினேன். 'சபாத்தோ' என்றார், காலைத் தூக்கிச் சப்பாத்தைக் காட்டினேன். 'கொசினா', சுவரில் இருந்த குசினிப் படம். 'பான்', பாண். வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "நீ முன்னமே படித்துவிட்டு, சும்மா புள்ளி எடுக்கத் தொடக்க வகுப்புக்கு வந்திருக்கிறாய்" என்றார். அன்றைக்கு என்னிடம் இருந்த இங்கிலீஷில் "இது எங்கட பாஷை மிஸ்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பதினைந்து வருடமாகிறது, இன்னும் படுத்திருந்து அதற்குப் பதில் யோசிக்கிறேன்.

பண்ணைப் பாலம்:
உங்கட பாஷையும் இல்லை, ஸ்பானிஷும் இல்லை தங்கச்சி. போர்த்துக்கீசு. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள், சொல்லுகள் மட்டும் எங்கட வீடுகளுக்குள் தங்கிவிட்டன. நல்லகாலம் டீச்சர் கதிரையையும் யன்னலையும் கேட்கவில்லை. ஸ்பானிஷில் அவை சிய்யா, வென்தானா. மாட்டியிருப்பீர்கள்.

என்னுடையது ஆறாம் வகுப்பு, இரண்டாம் மொழிச் சிங்களம். மாஸ்டர் கரும்பலகையில் மேசய, சபத்து, பாண், குஸ்ஸிய என்று எழுதிப்போட்டு, "பாதிச் சிங்களம் உங்களுக்கு இப்பவே தெரியும், ஒன்பதாம் வகுப்பு முடியக் கொழும்புக்குத் தனியப் போய்வருவீர்கள்" என்றார். நம்பினேன். நான்கு வருடமும் 'மகே நம' என்று தொடங்கி என் பெயரை எழுதினேன். பிறகு ஒருநாள் அனுராதபுரத்தில் பஸ்ஸால் இறங்கி, மலசலகூடம் எங்கே என்று கேட்கப் போனால் வாயில் 'மகே நம'தான் வந்தது. கடைக்காரர் சந்தோஷமாகத் தன் பெயரையும் சொல்லிக் கைகுலுக்கினார். நான் நின்ற அவசரம் அவருக்கு எங்கே தெரியும்!

கிழக்கு வீதி:
ஜெர்மன் ஏ1, அதுதான் தொடக்க நிலை, படித்தவர்கள் ஒருவரும் இங்கே இல்லையா? எனக்குக் கல்யாண எழுத்து முடிந்து மூன்றாம் மாதம், என்ர மனுசன் ஜெர்மனியில், நான் இங்கே. விசாவுக்கு ஏ1 வேண்டும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல், எல்லாம் சேர்த்து 100க்கு 60. முதல் வகுப்பில் வாத்தியார் என்னைப் பார்த்து 'வீ ஹைஸன் ஸீ?' என்றார். பக்கத்தில் இருந்தவள் "பெயர், பெயர்" என்று குசுகுசுத்தாள். நான் எழும்பி என்ர மனுசனுடைய பெயரைச் சொன்னேன். என்னுடையதை இல்லை, அவருடையதை.

பதினொரு பெட்டையள் இருந்த வகுப்பு. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

திருநெல்வேலிச் சந்தி:
நானும் பார்சிலோனாவில் ஆறு மாதம் இருந்தேன். கடையில் ஒரு வயதான அம்மாவை 'தூ', அதாவது 'நீ', என்று சொல்லி முறைப்பு வாங்கினேன், அவ்வளவுதான். ஆனால் ஸ்பானிஷ் தொடங்கப்போகிற பிள்ளைகளுக்கு ஒன்று: இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள், தமிழைப் பிடித்துக்கொண்டு போங்கள். 'ஆப்லோ' என்றாலே பேசுகிறேன். 'நான்' தனியாகத் தேவையில்லை, நாங்கள் 'வாறன்' என்கிற மாதிரி. 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்த 'எனக்கு'வில் தலையைப் பிய்ப்பார்கள், எங்களுக்கு அது பால் குடித்த நாளிலிருந்து இருக்கிறது. தூ, உஸ்தேத் இரண்டும் நீ, நீங்கள். எங்களிடம் நடுவில் 'நீர்' வேறு. எச் எழுத்தை வாசிக்கவே வேண்டாம். ñ என்கிற எழுத்து எங்கட ஞதான், அதைச் சொல்லத் தெரியாத தமிழரும் இல்லை.

கஷ்டம் எங்கே என்றால், மேசை பெண்ணாம், புத்தகம் ஆணாம். ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண் என்று நம்பி இருந்தீர்களோ, கை என்கிற 'மானோ' பெண்ணாக நிற்கும், 'ப்ரொப்லேமா' ஆணாக நிற்கும். ஆகவே எந்தச் சொல்லையும் ஆணுக்கு வரும் 'எல்', பெண்ணுக்கு வரும் 'லா'வோடு சேர்த்தே பாடமாக்குங்கள். அப்புறம் செர், எஸ்தார், இரண்டும் 'இரு' என்கிற வினைதான். 'ஆள் உயரம்' என்பதற்கு ஒன்று, 'ஆள் களைத்துப்போனான்' என்பதற்கு மற்றது. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் சத்தம்போட்டு வாசியுங்கள், வீட்டில் ஏசினாலும் பரவாயில்லை.

கிழக்கு வீதி:
இதை யார் ஐயா கேட்டது?

பண்ணைப் பாலம்:
அது கிடக்கட்டும். தங்கச்சி, கடைசியில் உங்களை வகுப்பு மாற்றினார்களா?

கொக்குவில் பெட்டை:
மாற்றினார்கள் அண்ணா. அடுத்த நாளே இரண்டாம் நிலை வகுப்பு. போர்த்துக்கீசு என்று எனக்கும் இப்போது தெரியும், பதினைந்து வயதில் அத்தனை பேருக்கு முன்னால் நின்றபோது தெரியவில்லை. புது வகுப்பில் ஒரு சின்னச் சோதனை வைத்தார்கள். 'மேசா' மட்டும் எழுதினேன். அதற்கும் முன்னால் 'லா' போடவில்லை என்று அரைப் புள்ளி. வெள்ளிக்கிழமை பழைய வகுப்புக்கே திருப்பி அனுப்பினார்கள்.

டீச்சர் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை, மன்னிப்பும் இல்லை. அந்தத் தாளை எடுத்துவந்து, அம்மாவின் கையெழுத்தில் விரலை வைத்து, இது எந்த மொழி எழுத்து என்று மட்டும் கேட்டார்.