வெல்டிங் தீப்பொறிக்கு எந்தக் கோட்டிங் துணி சரிப்படும்?

வணக்கம். வெல்டிங் வேலை நடக்கும்போது கீழே போகும் கேபிள்களை மூட, சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழைத் துணி வாங்கினோம். 550 டிகிரி தாங்கும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் பொறி விழுந்த இடமெல்லாம் பூச்சு வெளுத்து, தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது, கையில் பட்டால் அரிப்பு வேறு.

அப்புறம்தான் புரிந்தது, அந்த 550 உள்ளே இருக்கும் கண்ணாடியிழையின் கணக்கு. மேலே உள்ள சிலிக்கோன் தொடர்ந்து தாங்குவது சுமார் 260 டிகிரிதான். உருகிய எஃகுத் துளியோ 1400-க்கு மேல். கேட்காமல் வாங்கியது எங்கள் தப்பு, சரி.

இப்போது வெர்மிகுலைட் (சூடு தாங்கும் ஒரு கனிமம்) பூசிய துணிக்கு மாறலாமா என்று யோசனை. சூடு கூடுதலாகத் தாங்கும், ஆனால் சிலிக்கோன் போல எண்ணெயையும் தண்ணீரையும் தள்ளாது. எங்கள் தரையில் எண்ணெய்க்குக் குறைவில்லை. யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? படுக்கையாக விரித்தால் துளி தங்கி ஓட்டை போடுகிறதா? சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை எடுத்தீர்கள்? ஓரம் மடித்துத் தைக்க என்ன நூல் என்றும் சொல்லுங்கள். சாதாரண பாலியஸ்டர் நூல் முதல் நாளே உருகிவிட்டது.