ரிமென்ஹில்டிடம் ஹார்ன் சொன்ன பொய் நியாயமானதா?

நெய்தல்:
‘கிங் ஹார்ன்’ என்ற 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைப்பாடலில் என்னால் ஏற்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. நாட்டை இழந்து வெஸ்டர்னெஸ் அரசன் அய்ல்மரிடம் அடைக்கலம் புகுந்த இளவரசன் ஹார்னை அரசனின் மகள் ரிமென்ஹில்ட் விரும்புகிறாள். ஃபைக்கன்ஹில்ட் என்ற தோழனே கோள் சொல்லியதால் நாடு கடத்தப்படும் ஹார்ன், ஏழு ஆண்டுகளில் தான் திரும்பாவிட்டால் வேறொருவனை மணந்துகொள்ளும்படி அவளிடம் சொல்லிப் போகிறான். பின்னர் அய்ல்மர் அவளை மோடி என்ற அரசனுக்கு மணம் பேசி முடிக்க, ஹார்ன் ஒரு யாத்திரிகனுடன் உடையை மாற்றிக்கொண்டு, கரி பூசிக்கொண்டு, திருமண விருந்துக்குள் நுழைகிறான். அதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. அவள் மதுவோடு நீட்டிய கொம்புக்குள், முன்பு அவளே தந்த மோதிரத்தைப் போடுகிறான். அவள் பதறிப்போய்த் தன் அறைக்கு அழைத்துக் கேட்கும்போதோ, ஹார்ன் கப்பலில் இறந்துவிட்டான் என்கிறான். மோடியையும் தன்னையும் கொன்றுவிட அவள் ஒளித்து வைத்திருந்த கத்தி இருக்கும் படுக்கையில் அவள் போய் விழுகிறாள். அந்தப் பொய்க்கு என்ன தேவை இருந்தது?

ஏடகன்:
தேவை இருந்தது. போப் மூன்றாம் அலெக்சாண்டர் (1159–1181) காலத்துத் தீர்ப்புகளுக்குப் பின், திருச்சபைச் சட்டத்தின்படி ஒரு திருமணத்தை உண்டாக்குவது மணமக்கள் இருவரின் சம்மதம். தந்தையின் விருப்பமோ அரசர்களின் ஒப்பந்தமோ அதற்கு ஈடாகாது. ஹார்ன் குறித்த ஏழு ஆண்டுகள் முடிந்துவிட்ட நிலையில், அவள் மோடியை மனமொப்பி ஏற்றிருந்தால் அவனுக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை. வாளோடு வந்து தன் பெயரைச் சொல்லியிருந்தால், அவள் மனம் என்ன நினைக்கிறது என்பதை அச்சமோ கடமையோ மறைத்திருக்கும். அவன் இறந்தான் என்ற செய்தியைக் கேட்டு அவள் சற்றே அழுதுவிட்டு விருந்துக்குத் திரும்பியிருந்தால், யாருக்கும் தெரியாமல் அவன் விலகிப் போயிருக்கலாம். அவள் தேர்வை அவளிடமே விட்ட செயலாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

நெய்தல்:
அவள் மனம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும், நண்பரே. இரவும் பகலும் அவனுக்காக அழுகிறாள் என்று சொல்லத் தூதன் ஒருவனை அனுப்பியவளே அவள்தான். ஹார்னின் பதிலோடு திரும்பிய அந்தத் தூதன் கடலில் மூழ்கிப்போக, அவன் உடலைக் கண்டெடுத்தவளும் அவளே. ஹார்ன் அதை அறியான் என்றாலும், அவன் சொன்ன பொய் அந்தக் காயத்தின் மீதுதான் விழுந்தது. சோதிக்கப்பட வேண்டியவர் யாரென்று கேட்டால் நான் ஹார்னைத்தான் காட்டுவேன். அயர்லாந்தில் கட்பர்ட் என்ற பெயரில் வாழ்ந்த ஏழு ஆண்டுகளில் அவன் ரிமென்ஹில்டிடம் ஆள் அனுப்பவுமில்லை, தானே போகவுமில்லை என்று பாடலே சொல்கிறது. அங்கே அரசன் தர்ஸ்டன் தன் மகள் ரெய்னில்டைத் தர முன்வந்தபோது அவன் உண்மையைச் சொல்லி மறுக்கவில்லை. தான் கேட்கும்போது தந்தால் போதும் என்று தள்ளிப்போட்டான். அந்தப் பெண்ணின் காத்திருப்பைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

சாளரம்:
கதையின் தொடக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரிமென்ஹில்ட் ஹார்னை அழைத்துவரச் சொல்லும்போது, பயந்துபோன அரண்மனை அதிகாரி அதல்பிரஸ், ஹார்னுக்குப் பதிலாக அவன் தோழன் அதுல்ஃபை அனுப்புகிறான். ஆளைத் தெரியாமலே அவள் தன் காதலையெல்லாம் சொல்லிவிடுகிறாள். உண்மை தெரிந்ததும் அதல்பிரஸை அவள் திட்டித் தீர்க்கிறாள். ஆக, ஆள் மாறாட்டத்தால் இரண்டு முறை ஏமாற்றப்பட்டவள் அவள். முதல் முறை அவள் கோபத்துக்குச் சில அடிகளை ஒதுக்கிய கவிஞர், இரண்டாம் முறை கரியைத் துடைத்துவிட்டு “நான்தான் ஹார்ன்” என்று அவன் சொன்ன உடனே மகிழ்ச்சிக்குத் தாவிவிடுகிறார். அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் பாடலில் இடமே தரப்படவில்லை என்பதுதான் என் வருத்தம். மற்றபடி, அவள் சம்மதம் முக்கியம் என்று ஏடகன் சொல்வதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஏடகன்:
தூது வந்தது உண்மைதான். ஆனால் தூது என்பது இன்னொருவர் வாய்ச்சொல். மணநாளன்று அவள் நிலை என்ன என்பதை அவள் முகத்தில்தான் பார்க்க முடியும். மேலும், மோடியைக் கொன்ற பிறகும் அவன் உடனே அவளோடு வாழத் தொடங்கவில்லை. தன் தந்தையின் நாடான சடினை மீட்கும்வரை அவளை அணையமாட்டேன் என்று அய்ல்மரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுகிறான். தன் தகுதியைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிறவனை, அவளை வதைத்து மகிழ்ந்தவனாக என்னால் பார்க்க முடியாது.

நெய்தல்:
அந்தப் புறப்பாடுதான் அவளை ஃபைக்கன்ஹில்டின் கையில் சிக்கவைத்தது. அவன் அவளைக் கட்டாயமாக மணந்துகொள்கிறான். ஹார்ன் மறுபடி மாறுவேடத்தில், இம்முறை யாழிசைப்பவனாக, கோட்டைக்குள் வருகிறான். அவன் பாட்டைக் கேட்டு அவள் மயங்கி விழ, அது அவன் நெஞ்சில் தைக்கிறது. மோதிரத்தைப் பார்க்கிறான், நேரே போய் ஃபைக்கன்ஹில்டை வெட்டுகிறான். அங்கே சோதனையும் இல்லை, பொய்யும் இல்லை. முதல் முறையும் அப்படிச் செய்திருக்கலாம் என்பதற்குப் பாடலே சாட்சி.

ஏடகன்:
இரண்டாம் முறை அவன் கேட்காததற்குக் காரணம், முதல் முறையே அவனுக்கு விடை கிடைத்துவிட்டது என்பதுதான். அந்தப் பொய் இல்லாமல் அந்த உறுதி அவனுக்கு வந்திருக்காது என்றே நான் இப்போதும் வாசிக்கிறேன்.